கல்லீரலில் ஒரு நிழல்



இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம் என நீண்டு கிடக்கும் தொழிற்பேட்டைச் சாலைகளில் விடியற்காலையில் செல்வோர் ஒரு காட்சியைத் தவறாது காண்பர். சீருடை அணிந்த இளைஞரும் இளம்பெண்களும், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கம்பெனிப் பேருந்துக்காகக் காத்து நிற்பர். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. ஏரிப்பாசனத்தில் நெல் விளைந்த இந்நிலப்பகுதி, ஒரு தலைமுறைக்குள் இரும்பும் கண்ணாடியும் மின்னணுப் பாகமும் விளையும் பகுதியாக மாறிவிட்டது. பிற மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்து, ஓர் அறையில் நால்வராய்த் தங்கி, மாதந்தோறும் வீட்டுக்குப் பணம் அனுப்பும் பிள்ளைகளின் பகுதியுமாக இது ஆகிவிட்டது.

இவர்களுள் ஒருவருக்கு விலாப்புறத்தில் வலி காண்கிறது என்று வைத்துக்கொள்வோம். உலைக்களத்தின் வெப்பத்தில் வேலை செய்து, போதிய தண்ணீர் குடியாதவருக்குச் சிறுநீரகத்தில் கல் உண்டாவது அரிதன்று. மருத்துவர் வயிற்றை ஸ்கேன் செய்யச் சொல்கிறார். கல் இல்லை, அல்லது சிறியதொரு கல் இருக்கிறது. ஆனால் அறிக்கையின் நடுவே எதிர்பாராத ஒரு வரி காணப்படுகிறது. கல்லீரலின் வலப்பகுதியில் இரண்டு சென்டிமீட்டர் அளவில் 'எஸ்.ஓ.எல்.' இருப்பதாகவும், மேற்கொண்டு ஆராய வேண்டுமென்றும் அதில் எழுதியிருக்கிறது. அந்த மூன்று எழுத்துகளை எவரும் அவருக்கு விளக்குவதில்லை. அறைத்தோழர் கைப்பேசியில் தேடிப் பார்க்கிறார். முதலில் கண்ணில் படுவது 'புற்றுநோய்' என்னும் சொல்லே.

இம்மாதம் நாம் சிந்திக்கப்போவது அந்த மூன்று எழுத்துகளைப் பற்றியும், அவற்றின் பொருளைச் சில நிமிடங்களில் விளக்கக்கூடிய ஒரு பரிசோதனையைப் பற்றியுமே ஆகும்.

எறிவதும் தவறு, ஏற்றுவதும் தவறு

'ஸ்பேஸ் ஆக்குப்பையிங் லீஷன்' என்பதன் சுருக்கமே எஸ்.ஓ.எல். சுற்றியுள்ள கல்லீரலினின்று வேறுபட்டு, ஓர் இடத்தை அடைத்துக்கொண்டு ஏதோ ஒன்று தெரிகிறது என்பதே அதன் பொருள். அது நோயின் பெயரன்று. நீர்க்கட்டியும் எஸ்.ஓ.எல். தான், இரத்தக் குழாய்கள் சுருண்டு திரண்ட முடிச்சும், சீழ்க்கட்டியும், கொழுப்புத் திட்டும், புற்றும் எஸ்.ஓ.எல். தான். வேறு நோய் ஏதுமில்லாத இளவயதினரிடம் தற்செயலாகக் காணப்படும் இத்தகைய நிழல்களில் மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவை.

இதனை அறியாத குடும்பங்கள் இரண்டு வகையில் தவறுகின்றன. ஒரு சாரார் அன்றே நம்பிக்கை இழக்கின்றனர். நகை அடகுக்குப் போகிறது. பேசி முடித்த திருமணம் தள்ளிப்போகிறது. ஒப்பந்தத் தொழிலாளியாயின், மேற்பார்வையாளருக்குத் தெரிந்தால் வேலை போய்விடுமே என்று அஞ்சி மறைக்கிறார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது போல, பசி மந்தமும் களைப்பும் கூட நோயின் அடையாளங்களாகத் தோன்றுகின்றன. மறு சாரார் அறிக்கையை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, "வலி நின்றுவிட்டது, போதும்" என்று இருந்துவிடுகின்றனர்.

தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் பணிபுரிவோர்க்கு இதனை எளிதாக விளக்கலாம். ஒரு வார்ப்பில் கீறல் இருக்குமோ என்று ஐயம் எழுந்தால் என்ன செய்கிறார்கள்? அந்தப் பாகத்தை உடனே குப்பையில் எறிவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு வண்டியில் பூட்டியும் அனுப்புவதில்லை. அடையாளச் சீட்டுக் கட்டித் தனியே வைக்கிறார்கள். வேறொரு முறையால் மீண்டும் சோதித்து, அதன்பின் முடிவு செய்கிறார்கள். இரும்புக்குக் காட்டும் இந்தப் பொறுமையை மனிதருக்கும் காட்டினால் போதுமானது.

பானையைத் தட்டிப் பார்க்கும் கலை

சந்தையில் மண்பானை வாங்கும் நம் பாட்டிமார் அதை விரலால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்பர். ஓசை கணீரென்றால் நல்ல பானை. மந்தமாக ஒலித்தால் எங்கோ விரிசல். அல்ட்ராசவுண்டு ஸ்கேனின் அடிப்படையும் ஏறக்குறைய இதுவே. நம் செவிக்கு எட்டாத நுண்ணிய ஒலி அலைகளை உடலுக்குள் செலுத்தி, உறுப்புகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு படம் வரைகிறது அக்கருவி. இதில் எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு இல்லை.

இக்கருவியின் பிறப்பில் தொழிற்சாலைக்குப் பங்குண்டு என்பதை நம் வாசகர்கள் அறிந்தால் மகிழ்வர். உலோகத்தினுள் மறைந்துள்ள விரிசலைக் கண்டுபிடிக்கவே இத்தகைய ஒலிச் சோதனைக் கருவிகள் முதலில் பயன்பட்டன. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மகப்பேற்றுத் துறைப் பேராசிரியராக இருந்த இயன் டொனால்டு, 1955-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், அறுவைச் சிகிச்சையில் அகற்றிய கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ரென்ஃப்ரூ என்னும் ஊரிலிருந்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் கொதிகலன் தொழிற்சாலைக்குச் சென்றார். பற்றவைப்பைச் சோதிக்கும் அவர்களுடைய கருவியை அக்கட்டிகளின் மேல் வைத்துப் பார்த்தார். நீர் நிறைந்த கட்டியும் தசை திரண்ட கட்டியும் வெவ்வேறு எதிரொலிகளைத் தந்தன. மூன்றாண்டுகள் கழித்து, 1958-இல், அவரும் அவர்தம் தோழர்களும் 'லான்செட்' இதழில் தம் ஆய்வை வெளியிட்டனர். இன்று ஒரகடத்தில் பற்றவைப்பைச் சோதிக்கும் கருவியும், மருத்துவமனையில் கல்லீரலைச் சோதிக்கும் கருவியும் ஒரே குடும்பத்தின் பிள்ளைகள் எனலாம்.

ஆயினும் சாதாரண ஸ்கேனுக்கு ஓர் எல்லை உண்டு. அது உருவத்தைக் காட்டும். குணத்தை எப்போதும் காட்டாது. நீர்க்கட்டியைப் பெரும்பாலும் ஐயமின்றி அடையாளம் காட்டிவிடும். திடமான ஒரு திரட்சியாயின், அது தீங்கற்றதா தீயதா என்பதைப் பல வேளைகளில் அதனால் சொல்ல இயலாது. இக்காலத்தில் இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. சென்னை நகரில் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சோதிக்கப்பட்டோரில் ஏறத்தாழ 32 விழுக்காட்டினர்க்குக் கல்லீரலில் கொழுப்புப் படிந்திருப்பது தெரியவந்தது. கொழுப்பு ஏறிய கல்லீரல் படத்தில் வெளுப்பாகத் தோன்றும். அதன் நடுவே கொழுப்பு ஏறாத நல்ல பகுதி ஒன்று இருந்தால், அதுவே கறுத்த நிழலாகத் தோன்றி மருத்துவரை மயக்கக்கூடும்.

குமிழிகளின் உதவி

ஒரு திரட்சியின் குணத்தை அறியச் சிறந்த வழி, அதனுள் இரத்தம் எவ்வாறு நுழைந்து எவ்வாறு வெளியேறுகிறது என்று பார்ப்பதாகும். இதற்காகவே 'கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்டு' என்னும் முறை வகுக்கப்பட்டது. 1968-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் ரேமண்ட் கிராமியாக், பிரவீண் ஷா என்னும் இரு மருத்துவர்கள் ஓர் உண்மையை வெளியிட்டனர். இதயத்தை ஒலி அலையால் ஆராயும்போது இரத்தத்தில் ஒரு சாயத்தைச் செலுத்தினால் எதிரொலி திடீரென மிகுவதை அவர்கள் கண்டனர். சாயத்தோடு சென்ற நுண்ணிய காற்றுக்குமிழிகளே அதற்குக் காரணம் என்பது பின்னர் விளங்கிற்று. அன்று தற்செயலாய்த் தோன்றிய குமிழியை இன்று வேண்டுமென்றே செய்கிறார்கள்.

இன்று பரவலாகப் பயன்படும் மருந்துகளுள் ஒன்றில் அடைக்கப்பட்டிருப்பது சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு என்னும் வாயு. இப்பெயர் நம் பகுதி மின்பணியாளர்களுக்குப் புதிதன்று. துணை மின்நிலையங்களில் உயர் அழுத்த மின்துண்டிப்பான்களுக்குள் நிரப்பப்படும் அதே வாயுதான் இது. எதனோடும் எளிதில் வினைபுரியாமலும் நீரில் எளிதில் கரையாமலும் இருக்கும் அதன் இயல்பே இங்கும் பயன்படுகிறது. மெல்லிய கொழுப்புப் படலத்தால் மூடப்பட்ட இக்குமிழிகள் சராசரியாக இரண்டரை மைக்ரான் அளவுள்ளவை. இரத்தச் சிவப்பணுவைவிடச் சிறியவை. ஆகவே நுண்ணிய குழாய்களிலும் தங்குதடையின்றிச் செல்லும். ஆனால் குழாயின் சுவரைக் கடந்து வெளியே கசிவதில்லை. இரத்தம் போகும் வழியை மட்டுமே காட்டும் உண்மையான வழிகாட்டிகள் இவை.

பரிசோதனை எளியது. கையிலுள்ள நரம்பில் ஊசி வழியாக, வழக்கமாக இரண்டரை மில்லி லிட்டருக்கும் குறைவான மருந்தைச் செலுத்தி, பின்னால் சிறிது உப்புநீரையும் செலுத்துவர். ஒலியின் வலிமையை மிகக் குறைத்து வைப்பர். வலிமை மிகுந்தால் குமிழிகள் உடைந்துவிடும். மெல்லொலி படும்போது குமிழிகள் சுருங்கி விரிந்து தமக்கேயுரிய ஓர் ஒலியை எழுப்பும். கருவி அந்த ஒலியை மட்டும் பிரித்தெடுத்துத் திரையில் ஒளிரச் செய்யும். சில நிமிடங்களில் வாயு மூச்சுக்காற்றோடு வெளியேறிவிடும். சிறுநீரகத்துக்கு இதில் வேலையில்லை. ஆதலால், சிறுநீரகம் பழுதுற்று, சி.டி. ஸ்கேனுக்குரிய அயோடின் மருந்தைச் செலுத்தத் தயங்கவேண்டிய நோயாளிகளுக்கும் இது ஏற்றதாகிறது.

மூன்று கட்டங்கள் கூறும் சாட்சியம்

கல்லீரலுக்கு இரு வழிகளில் இரத்தம் வருகிறது. ஏறக்குறைய கால் பங்கு தமனி வழியாக இதயத்திலிருந்து வருகிறது. மீதி முக்கால் பங்கு குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. ஊசி போட்டபின் முதலில் தமனிவழிக் குமிழிகள் வந்து சேரும். இது ஏறத்தாழ முதல் அரை நிமிடத்தின் கட்டம். அடுத்து இரண்டு நிமிடம் வரை சிரைவழிக் கட்டம். அதன்பின் ஐந்தாறு நிமிடம் வரை நீள்வது பிந்திய கட்டம்.

தீங்கற்ற திரட்சிகளில் அடிக்கடி காணப்படுவது ஹீமாஞ்சியோமா எனும் இரத்தக் குழாய் முடிச்சு. இதில் ஒளி முதலில் ஓரங்களில் முத்து முத்தாகத் தோன்றி, மெல்ல உட்புறம் நோக்கிப் பரவி, கடைசிவரை நிலைத்திருக்கும். ஃபோக்கல் நோடுலர் ஹைப்பர்பிளேசியா எனும் மற்றொரு தீங்கற்ற திரட்சியில், நடுவிலிருந்து ஆரக்கால் விரிந்த வண்டிச்சக்கரம் போல ஒளி வெளிநோக்கிப் பரவும். கொழுப்பு மிகுந்ததாலோ குறைந்ததாலோ தோன்றும் போலி நிழலாயின், மூன்று கட்டங்களிலும் சுற்றியுள்ள கல்லீரலோடு ஒன்றாகவே ஒளிர்ந்து, நிழல் இருந்த இடமே தெரியாமற் போய்விடும். சீழ்க்கட்டியில் ஓரம் ஒளிரும். நடுப்பகுதி இருண்டே இருக்கும்.

தீயவை வேறு விதமாக நடந்துகொள்கின்றன. பிற உறுப்பிலிருந்து பரவிய புற்று ஒளியைப் பெற்றவுடன், பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள்ளாகவே, அதை இழந்து, நன்கு ஒளிரும் கல்லீரலின் நடுவே கருந்துளை போலாகிவிடும். கல்லீரலிலேயே தோன்றும் புற்று முதற்கட்டத்தில் சுற்றுப்புறத்தைவிட மிகுதியாக ஒளிர்ந்து, ஒரு நிமிடம் கடந்தபின் மெல்ல மெல்ல மங்கும். பொதுவாகக் கூறின், பிந்திய கட்டத்திலும் ஒளி நிலைத்திருப்பது நல்ல அறிகுறி. ஒளி மங்கி வடிவது எச்சரிக்கை. இவையெல்லாம் திரையில் அப்பொழுதே, அசையும் படமாகத் தெரிகின்றன.

இங்கிலாந்தில் மருத்துவ முறைகளை மதிப்பிடும் 'நைஸ்' நிறுவனம் 2012-இல், சாதாரண ஸ்கேனில் தற்செயலாகக் கண்ட கல்லீரல் திரட்சிகளை ஆராய இம்முறையைப் பரிந்துரைத்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2016-இல் கல்லீரல் ஆய்வுக்கு இம்மருந்தை அனுமதித்தது.

எல்லைகளும் எச்சரிக்கைகளும்

எந்தப் பரிசோதனையும் சர்வ வல்லமை உடையதன்று. கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்டு ஒரு நேரத்தில் ஒரு திரட்சியைத்தான் நன்கு ஆராயும். முழு வயிற்றையும் சுற்றிப்பார்ப்பதற்குச் சி.டி., எம்.ஆர்.ஐ. ஆகியவையே தக்கவை. மிக ஆழத்திலோ குடல்வாயு மறைக்கும் இடத்திலோ உள்ளது தெளிவாகத் தெரியாது. உடல் மிகப் பருத்திருந்தாலும் கல்லீரலில் கொழுப்பு மிகுந்திருந்தாலும் படம் மங்கும். பார்ப்பவரின் பயிற்சியைப் பொறுத்தே முடிவும் அமையும். கருவியில் அதற்குரிய தனி ஏற்பாடு வேண்டும். மருந்தின் விலையும் குறைவன்று. ஆகவே ஒவ்வொரு ஸ்கேன் நிலையத்திலும் இதை எதிர்பார்த்தல் இயலாது. வசதி இல்லாத இடத்தில் எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. செய்யுமாறு மருத்துவர் கூறினால், அதுவும் நேர்மையான வழியே.

மருந்தால் கடுமையான ஒவ்வாமை நேர்வது மிக அரிது. ஆனால் நேரவே நேராது என்பதில்லை. ஆதலின் அவசர சிகிச்சை வசதியுள்ள இடத்தில் செய்து, பின்னர் அரைமணி நேரம் அமர்ந்துவிட்டு வருதல் நலம். முன்பு இம்மருந்து ஒவ்வாதவர்களும், நிலைகுலைந்த இதய நோய் உள்ளவர்களும், கருவுற்றிருக்கும் பெண்களும் அதை முன்னதாகவே மருத்துவரிடம் கூறவேண்டும்.

இன்னும் முக்கியமான எச்சரிக்கை ஒன்றுண்டு. தற்செயலாய்க் கண்ட நிழல்கள் பெரும்பாலும் தீங்கற்றவை என்ற ஆறுதல் எல்லார்க்கும் பொருந்தாது. பல்லாண்டுகளாக மது அருந்துவோர், சிரோசிஸ் எனும் கல்லீரல் இறுக்கம் உள்ளோர், ஹெப்பாடைட்டிஸ் பி அல்லது சி கிருமி உடலில் உள்ளோர், முன்னர் வேறு உறுப்பில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றோர் ஆகியோருக்கு ஒரு சிறு நிழலும் ஐயத்திற்குரியதே. சிரோசிஸ் உள்ளோர், ஆறு மாதத்திற்கு ஒருமுறை கல்லீரலை ஸ்கேன் செய்துகொள்வது உலகெங்கும் ஏற்கப்பட்ட நெறி. ஹெப்பாடைட்டிஸ் பி உள்ளவர்களுக்கு அது தேவையா என்பதை மருத்துவர் தீர்மானிப்பார். 2018-இல் நம் நாட்டில் தொடங்கிய தேசியக் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் இக்கிருமிகளுக்கு இலவசப் பரிசோதனையும் மருந்தும் வழங்க ஏற்பாடாயிற்று. பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு ஹெப்பாடைட்டிஸ் பி தடுப்பூசி போடுவதை எந்தப் பெற்றோரும் தவறவிடலாகாது. பிற்காலத்தில் கல்லீரற் புற்று வராமற் காக்கும் தடுப்பூசியும் அதுவே.

கீழாநெல்லியைப் பற்றியும் ஒரு சொல். மஞ்சள் காமாலை என்றால் மோரில் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பது நம் வழக்கம். சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தியாகராஜனும், ஹெப்பாடைட்டிஸ் பி கிருமியைக் கண்டறிந்ததற்காக நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கும் பிறரும் இணைந்து இம்மூலிகையை ஆராய்ந்து, 1988-இல் 'லான்செட்' இதழில் எழுதினர். மூலிகை உண்டவர்களில் 59 விழுக்காட்டினர்க்கு இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்ததாக அவர்கள் கூறினர். உலகமே வியந்தது. ஆனால் பின்னர்ப் பிற நாடுகளில் செய்த சோதனைகள் அதே பயனைக் காட்டவில்லை. நம் மண்ணின் மருந்தை நாம் இகழவில்லை. எனினும் கல்லீரலில் ஒரு திரட்சி இன்னதென்று தெரியுமுன், அதைக் கரைக்கும் என்று நம்பி மாதக்கணக்கில் மூலிகை அருந்திக் காலத்தைப் போக்குவது, ஐயத்துக்குரிய வார்ப்பை வண்டியில் ஏற்றி அனுப்புவது போன்றதாகும்.

குடும்பத்தார் செய்யத் தக்கவை

அறிக்கையில் எஸ்.ஓ.எல். என்ற எழுத்துகளைக் கண்டால் முதலில் அதை எழுதச் சொன்ன மருத்துவரிடமே எடுத்துச் செல்லுங்கள். "ஐயா, இது எந்த வகையைச் சேர்ந்தது என்று எண்ணுகிறீர்கள்? அதை உறுதி செய்ய எந்தப் பரிசோதனை ஏற்றது?" என்று பணிவோடும் தெளிவோடும் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. மது, மாத்திரை, பழைய நோய், குடும்பத்தில் கல்லீரல் நோய் ஆகிய எதையும் மறைக்காதீர்கள். மனைவியோ தாயோ உடனிருப்பதற்காக நாணி மதுப்பழக்கத்தை மறைப்பவர் பலர். அவர் தனியே பேச விரும்பினால் குடும்பத்தார் சற்று வெளியே சென்று இடங்கொடுப்பது அறிவுடைமை.

பழைய ஸ்கேன் படங்களையும் அறிக்கைகளையும் எறிந்துவிடாதீர்கள். ஐந்தாண்டுகளுக்கு முன் இருந்த அதே அளவில் இன்றும் ஒரு திரட்சி இருக்கிறது என்பது, விலையுயர்ந்த எந்தப் பரிசோதனைக்கும் குறையாத சாட்சியம். ஊர்விட்டு ஊர் வந்து தங்கியுள்ள பிள்ளைகள் கைப்பேசியில் அவற்றைப் படமெடுத்து வைத்துக்கொள்வதோடு, ஒரு படியைப் பெற்றோரிடம் அனுப்பியும் வைக்கலாம்.

ஈ.எஸ்.ஐ. அட்டை உடையோர் அதன் மருத்துவமனை வழியாகவே உயர் பரிசோதனைகளுக்குப் பரிந்துரை பெறமுடியும். அடகுக் கடைக்குப் போகுமுன் அந்த வாயிலைத் தட்டிப் பார்க்கவேண்டும். விடுப்பு எடுத்தால் ஒருநாள் ஊதியம் போய்விடுமே என்று பரிசோதனையைத் தள்ளிப்போடும் இளைஞருக்கு, அந்த ஒருநாள் ஊதியத்தை ஈடுசெய்வது அறைத்தோழர்களும் உறவினர்களும் செய்யக்கூடிய சிறந்த உதவி.

பரிசோதனையின் முடிவில் "இது ஹீமாஞ்சியோமா, தீங்கற்றது" என்று மருத்துவர் கூறிவிட்டால், அதை நம்புங்கள். மீண்டும் மீண்டும் வெவ்வேறு நிலையங்களில் ஸ்கேன் எடுத்து அச்சத்தை வளர்க்க வேண்டியதில்லை. சிறியதாயின் பெரும்பாலும் அதற்கு மருந்தும் வேண்டாம், அறுவையும் வேண்டாம். முடிவு ஐயத்துக்குரியதாயின், எம்.ஆர்.ஐ.யோ திசுப் பரிசோதனையோ வேண்டுமென்று மருத்துவர் சொல்லும்போது தயங்காதீர்கள். கல்லீரற் புற்றும் சிறிதாயிருக்கையில் கண்டுபிடிக்கப்பட்டால் குணப்படுத்துதற்குரியது. காலம் கடத்துவதே அதன் பெரிய துணை.

மருத்துவர்களுக்கும் ஸ்கேன் நிலையத்தாருக்கும் நாம் கூறவிரும்புவது ஒன்றுண்டு. மூன்று எழுத்துகளை எழுதிக் கையொப்பமிட உங்களுக்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் அந்த எழுத்துகளோடு ஒரு மனிதர் வாரக்கணக்கில் உறங்காமல் இருக்கக்கூடும். இன்னின்ன காரணத்தால் தீங்கற்றதாக இருக்கலாம், இன்ன பரிசோதனை உறுதிசெய்யும், இத்தனை நாளுக்குள் செய்துகொள்ளலாம் என்று இன்னும் இரண்டு வரி எழுதுவதும், அதையே தமிழில், அல்லது அவருடைய மொழியில், வாய்ச்சொல்லாக எடுத்துரைப்பதும் சிகிச்சையின் பகுதியே ஆகும்.

நிழலைக் கண்டவுடன் ஓடுவதும் வேண்டாம், கண்ணை மூடுவதும் வேண்டாம். அது எதனுடைய நிழல் என்று கேட்டு அறிவோம். அறிந்தபின் அச்சம் தானே அளவுக்குள் அடங்கும், செய்யவேண்டியதும் தெளிவாகும்.